மேடைக்கு ஹெட்செட்டு, ஹாலுக்கு ஒரே மைக்கு

லைவ் போற கூட்டத்துக்கு கேப்ஷன், அதான் பேசுறத கீழ எழுத்தா காட்டுறது, போடணும்னு பேச்சு எடுத்தாலே முதல்ல வர்ற பதில் "அதான் ஏஐ தானா போட்டுடுமே, அதுக்கு எதுக்கு தனியா துட்டு"ன்றதுதான். போடும், இல்லன்னு சொல்லல. யார் பேசுனா நல்லா போடுதுன்னு கொஞ்சம் உக்காந்து பாருங்க, அப்ப தெரியும்.

நம்ம டீம் சின்னது. தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொத்தியூர் சுத்துவட்டாரத்துல கல்யாணம் காதுகுத்துன்னு லைவ் பண்ணிட்டு இருந்தவங்கதான், கொரோனாவுக்கு அப்புறம் சங்கக் கூட்டம், குடியிருப்போர் கூட்டம்னு வர ஆரம்பிச்சுது, 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல எண்ணூர் கழிமுகம் பூரா எண்ணெய் வந்து படிஞ்சுதே, அதுக்கப்புறம் மீனவர் பிரச்சனை பத்தின கூட்டங்களும் சேந்துக்குச்சு. அதிகாரிங்க, பேராசிரியருங்க எல்லாம் அவங்கவங்க ரூம்ல இருந்து ஸூம்ல வருவாங்க. ஜனங்க எண்ணூர் பக்கம் ஏதாவது மண்டபத்துல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருப்பாங்க. ரெண்டையும் சேத்து யூடியூப்ல விடுறது நம்ம வேலை.

ஒரு கூட்டத்துல ஏற்பாட்டாளருங்க ஆட்டோ கேப்ஷனே போதும்னுட்டாங்க. ஏசி ரூம்ல ஹெட்செட் மாட்டிட்டு ஒரு சார் "நீர்நிலைகளில் கலக்கும் கழிவுகளைக் கட்டுப்படுத்த உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது"ன்னு படிக்கிறாரு, கீழ ஒரு எழுத்து பிசகாம வருது. அடுத்து காட்டுக்குப்பத்துல இருந்து வந்த ஒரு அம்மா. கார்ட்லெஸ் மைக் நாலு கை மாறி அவங்க கிட்ட வருது, தலைக்கு மேல ஃபேன் கடகடன்னு ஓடுது, வெளிய எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி ஹாரன். "கொசஸ்தலை ஆத்துல சாம்பல் வந்து படிஞ்சு கீதுங்க, கால வெச்சா முட்டி வரிக்கும் உள்ள போவுது, எறாவே இல்ல"ன்னு சொல்றாங்க. ஸ்கிரீன்ல வந்தது "கொசு தலை ஆத்துல சாம்பார் வந்து படித்து கீதா". சாட்ல ஒருத்தன் சிரிக்கிற பொம்மை போட, அவன் பின்னாடி பத்து பேரு.

எனக்கு அங்கதான் சுர்ருன்னு ஏறிச்சு. பொழப்பு போச்சுன்னு சொல்ல வந்தவங்க காமெடி பீஸ் ஆயிட்டாங்க, அறிக்கை படிச்சவரு மட்டும் எழுத்துலயும் கம்பீரமா நிக்கிறாரு. காது கேக்காதவங்களுக்கு அந்த எழுத்து மட்டும்தானே கூட்டம், அவங்க பாத்த கூட்டத்துல அந்த அம்மா ஏதோ உளறிட்டு போனாங்க, அவ்ளோதான். நியூஸ் வாசிக்கிற தமிழைக் கேட்டு வளந்த மிஷினு, நம்ம காசிமேட்டுப் பேச்சுக்கு திணறுது. போதாக்குறைக்கு மேடைக்கு ஆளுக்கு ஒரு ஹெட்செட்டு, ஹால்ல இருநூறு பேருக்கு ஒரே மைக்குன்னா எந்த சாப்ட்வேர் வந்தும் பிரயோஜனம் இல்ல.

அதனால கேப்ஷன் வேலைல முக்கால்வாசி சவுண்டு வேலைன்னுதான் நான் சொல்லுவேன். லேப்டாப் மைக்க நம்பவே கூடாது, எல்லா மைக்கும் வந்து சேர்ற மிக்ஸர்ல இருந்து ஆக்ஸ் அவுட்னு கேப்ஷனுக்கு ஒரு லைன் தனியா எடுத்து வரணும். மைக்க ஜனங்க கைல குடுக்காம நம்ம பையன் ஒருத்தன் புடிச்சிட்டே கூட போவான், தாடை கிட்ட, கொஞ்சம் சாய்ச்சு. பேசுறதுக்கு முன்னாடி ஊரு பேரு சொல்ல வைப்பான். இது பண்ணதுமே பாதி கஷ்டம் போச்சு.

அடுத்த தலைவலி, ஸூம்ல ஓடுற கேப்ஷன் யூடியூப்ல பாக்குறவங்களுக்கு தானா போயிடாது. யூடியூப் லைவ் 608னு ஒரு கேப்ஷன் முறைய வாங்கிக்கும், ஆனா அது அமெரிக்காக்காரன் பழைய டிவிக்கு பண்ணது, அங்க 1980-லயே ஆரம்பிச்சுட்டாங்க, வரிக்கு 32 எழுத்து, இங்கிலீஷ், ஸ்பானிஷ், பிரெஞ்சு மாதிரி எழுத்துங்க மட்டும். தமிழுக்கு அதுல இடமே இல்ல. ஸோ நாங்க ஓபிஎஸ்ல, அதான் லைவ் அனுப்புற சாப்ட்வேர்ல, படத்து மேலயே எழுத்த பதிச்சு விடுறோம். அதுலயும் ஒரு கூத்து, லினக்ஸ் லேப்டாப்ல ஓபிஎஸ்ஸோட எழுத்து போடுற டெக்ஸ்ட் சோர்ஸ்ல தமிழ போட்டா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குது, "கெ"ன்னு வரவேண்டியது தலைகீழா வருது. பிரவுசர் சோர்ஸ் வழியா, அதான் வெப் பேஜ் மாதிரி, போட்டா ஒழுங்கா வரும். கறுப்புப் பட்டை, வெள்ளை எழுத்து, ரெண்டே வரி. மூணாவது வரி போட்டா ஸ்கிரீன்ல ஒரு பெட்டில வர்ற சைகை மொழி பெயர்க்குறவங்க கைய மறைச்சிடும். சைகை மொழியிலயே வளந்தவங்க நிறைய பேருக்கு எழுத்துத் தமிழ் ரெண்டாவது பாஷை மாதிரிதான், கேப்ஷன் இருக்கேன்னு அந்தப் பெட்டிய தூக்கிடக் கூடாது.

எழுதுறது ஒரு நேரத்துல ரெண்டு பேரு. ஒருத்தன் ஹெட்போன் மாட்டிட்டு பக்கத்து ரூம்ல உக்காந்து, கேட்டத உடனே நிதானமா இன்னொரு மைக்ல திருப்பிச் சொல்லுவான், மிஷின் அவன் குரலை எழுதும். வெளிநாட்டு டிவி சப்டைட்டில்ல ரொம்ப நாளா இருக்குற வழிதான் இது. வெளிய போறதுக்கு முன்னாடி எங்க அக்கா திருத்துவாங்க. பழைய வண்ணாரப்பேட்டைல டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வெச்சிருந்தவங்க, லோயர் ஹையர் பரிட்சைன்னு எத்தனையோ பேர பாஸ் பண்ண வெச்ச கை, கம்ப்யூட்டருக்குன்னு வந்த தமிழ்99 கீபோர்டு எல்லாம் வேணாம்னு இன்னும் பழைய டைப்ரைட்டர் கீபோர்டுதான். கூட்டத்துக்கு முன்னாடியே குப்பங்க பேரு, மீனுங்க பேரு, ஈஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு), சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) எல்லாத்துக்கும் சுருக்கம் போட்டு வெச்சுடுவாங்க, "கொத"ன்னு தட்டுனா கொசஸ்தலை ஆறுன்னு முழுசா விழும். நாலஞ்சு செகண்டு லேட் ஆகுது, அதுக்கு படத்தையும் சத்தத்தையும் அதே அளவு தாமதிச்சு யூடியூப்புக்கு அனுப்புறோம், ஸூம்ல இருக்குறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பிச் சொல்ற ஆள மாத்திடணும், இல்லன்னா மண்டை காஞ்சிடும்.

ஒரே ஒரு சண்டை மட்டும் இன்னும் தீரல. "கீது", "போவுது"ன்னு பேசுனத அப்படியே விடறதா, "இருக்கிறது", "போகிறது"ன்னு மாத்துறதா. மாத்துனா படிக்க ஈஸிங்கண்ணான்னு காது கேக்காத பசங்களே சிலர் மெசேஜ் போடுறாங்க. அக்கா ஒத்துக்க மாட்டாங்க. "தம்பி, அந்தப் பொம்பள பேசுனா பேசுன மாதிரி இருக்கணும், நீ என்ன அவுங்களுக்கு பாடம் எடுக்குற?" என் கட்சி பசங்க பக்கம், ஆனா கீபோர்டு அக்கா கைல இருக்கு. இப்போதைக்கு ஒரு உடன்பாடு, வாக்கியத்த சுருக்கலாம், "அதாவது வந்து"வ எல்லாம் தூக்கலாம், தொழில் வார்த்தையையும் ஊர்ப் பேரையும் எண்ணிக்கையையும் தொடக் கூடாது.

காசு விஷயத்துக்கு வர்றேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 42, மின்னணு ஊடகத்துல கேப்ஷன் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்கணும்னு சொல்லுது, வெப்சைட்ட மாற்றுத்திறனாளிங்களும் பயன்படுத்த முடியணும்னு வெச்ச டபிள்யூசிஏஜி விதில நேரலை கேப்ஷன் ஏஏன்ற நடு லெவல்லயே வந்துடுது. இதெல்லாம் கொட்டேஷனோட பிரின்ட் எடுத்து குடுத்துப் பாத்தாச்சு, தலையாட்டுவாங்க, கடைசில பேனா எடுத்து மொத அடிக்கிறது கேப்ஷன் லைனத்தான். கழிமுகத்து மேல ட்ரோன் சுத்துறதுக்கு மட்டும் பேரமே கிடையாது. அதனால இப்பல்லாம் கேப்ஷனுக்குன்னு தனி லைன் போடுறதில்ல, சவுண்டு சார்ஜோட சேத்தே எழுதிடுறோம், ட்ரோன்தான் தனி லைன். அடிக்கணும்னா அத அடிச்சுக்கட்டும்.