முந்திரிச் சருகு பலாவுக்குப் போகிறது: மாசி, பங்குனி வேலைகள்

வாரம் முழுக்கப் புதுச்சேரியில் வேலை. சனிக்கிழமை விடிந்ததும் கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வழியாகக் காடாம்புலியூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் கொல்லைக்கு வந்துவிடுவேன். பெரும்பகுதி முந்திரி, வரப்போரமாகப் பலா. செம்மண் பூமி. எவ்வளவு மழை பெய்தாலும் குடித்துவிடும், நாலு நாள் வெயில் அடித்தால் மண்வெட்டி இறங்காது. முந்திரி பூவும் பிஞ்சுமாக நிற்பதும், பலாவில் மூசு எனும் இளம் பிஞ்சு இறங்குவதும், வெயில் ஏறுவதும் ஒன்றாக நடக்கிற காலம் இது. இந்த வருடம் மனதில் வைத்த வேலை ஒன்றுதான். முந்திரிக்கு அடியில் கிடக்கும் சருகில் ஒரு கூடைகூட நெருப்புக்குப் போகக் கூடாது.

மாசித் தொடக்கம்

கொட்டை விழத் தொடங்குவதற்குள் மரத்தடியைக் கூட்டியாக வேண்டும். பழம் தானாக உதிரும்போதுதான் கொட்டை நன்றாக முற்றியிருக்கும். சருகுக்குள் விழுந்தால் கண்ணில் படாது. கூட்டிக் குவித்துக் கொளுத்திவிடுவதுதான் சுலபம். "ஒரு தீக்குச்சி வேலை தம்பி, எதுக்கு இடுப்ப ஒடிச்சிக்கிற?" என்றார் பக்கத்துக் கொல்லைப் பெரியப்பா. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. காய்ந்த சருகு கிடந்தால் தோப்பு பற்றிக்கொள்ளுமே என்ற பயம் பங்குனியில் எல்லோருக்கும் இருக்கும். ஆனால் கொளுத்தினால் தாழ்ந்த கிளைகளின் பூ அனலில் கருகும். மண்ணுக்குச் சேர வேண்டியதும் புகையாகப் போகும். அதனால் சருகைச் சாக்கில் அள்ளிப் பலா வரிசைக்குக் கொண்டுபோனோம், நானும் அம்மாவும் வழக்கமாக வேலைக்கு வரும் அக்காவும்.

அந்தப் பலா வரிசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது, தாத்தா காலத்து மரங்கள் வேரோடு சாய்ந்தன. இப்போது நிற்பவை அதற்குப் பிறகு அப்பா கொட்டை ஊன்றி வளர்த்தவை. பலாக்கொட்டை காய்ந்துபோனால் முளைப்பு போய்விடும். பழத்தில் இருந்து எடுத்த கையோடு ஊன்ற வேண்டும். எந்த மரத்துச் சுளை இனிக்கிறது என்று தின்று பார்த்துப் பார்த்துக் கொட்டை வாங்கி வந்தார். கொட்டைக் கன்று தாய் மரத்தைப் போலவே வரும் என்று சொல்ல முடியாது. எங்கள் வரிசையிலும் ஒரு மரத்துச் சுளை இன்னொரு மரத்தில் இல்லை. ஒட்டுக்கன்று வைத்திருந்தால் சீக்கிரம் காய்த்திருக்கும் என்பார்கள். எனக்கு இந்த மரங்கள்தான் வேண்டும்.

மூடாக்கு, அதாவது மண் காயாமல் சருகால் மூடுவது, போட்ட முறை: கிளை நிழல் விழும் அளவுக்கு வட்டப்பாத்தி கட்டி, முதலில் போர்வெல்லைத் திறந்து நன்றாகத் தண்ணீர் விட்டோம். ஈரம் இறங்கிய பிறகு ஜீவாமிர்தம் ஊற்றினோம். 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பில் இருந்து ஒரு பிடி மண். நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கலக்கிவிட்டால் 48 மணி நேரத்தில் ஆகிவிடும். வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா கரைத்து வைத்துவிடுவதால் எனக்குச் சனிக்கிழமைக்குச் சரியாக இருக்கிறது. அதன் மேல் அரை அடி உயரத்துக்குச் சருகு. அடிமரத்தை ஒட்டிப் போடக் கூடாது, ஒரு முழம் விட வேண்டும், இல்லையென்றால் கரையான் நேராகப் பட்டைக்கு ஏறும். காற்றில் பறக்காமல் இருக்க மேலே தென்னை மட்டை. முந்திரி இலை சீக்கிரம் மட்காது. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, மூடாக்குக்கு அதுதான் வசதி என்பேன். கோடை முடியும்வரை கிடக்கும்.

மாசி மகத்தன்று ஆள் கிடைக்காது. தேவனாம்பட்டினம் கடற்கரைத் தீர்த்தவாரிக்கு ஊரே போய்விடும், நாங்களும் போனோம்.

பங்குனிப் பிறப்பு

மூசு கறுத்து உதிர்கிறது, மருந்து அடிக்கட்டுமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் உதிர்ந்ததைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பலாவில் ஆண் கதிரும் பெண் கதிரும் ஒரே மரத்தில் வரும். காம்பு மெலிந்து, மேலே மாவு போல மகரந்தம் இருந்தால் அது ஆண். அதன் வேலை முடிந்தது, கறுத்து விழத்தான் செய்யும். பெண் கதிரின் காம்பு தடிமனாக இருக்கும், காம்பு சேரும் இடத்தில் பச்சை வளையம் தெரியும். விழுந்தவற்றில் பெரும்பாலும் ஆண் கதிர்தான். ஆனாலும் அப்படியே விடக் கூடாது, அதில் பிடிக்கும் பூசணம் பக்கத்துப் பிஞ்சுக்குத் தாவும். பொறுக்கிக் குப்பைக்குழியில் போட்டு மண் தள்ளினோம்.

கொத்தாகப் பிடித்த இடத்தில் கோணலானதையும் ஒன்றோடொன்று உரசுவதையும் அறுத்துவிட்டேன். மனசு வராத வேலை, ஆனால் கிளைக்குப் பாரமும் குறையும், மிச்சம் நிற்பது திரளும். அறுத்த பிஞ்சு வீணாகாது. கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு பால் வடியவிட்டு நறுக்கி, தேங்காயும் மிளகும் அரைத்துப் போட்டு அம்மா வைத்த மூசுக் கூட்டுக்காகவே ஞாயிறு மதியச் சாப்பாடு நீண்டது.

இப்போதைய நிலை

ஒப்பிட்டுப் பார்க்க வடக்கு ஓரத்தில் ஒரு மரத்தை மட்டும் மூடாக்கு இல்லாமல் விட்டிருந்தேன். அதற்கும் அதே தண்ணீர்தான். புதன்கிழமையே மண் வெடித்துவிடுவதாக அம்மா சொல்கிறார். மூடாக்கு போட்ட இடத்தில் அடுத்த சனிக்கிழமை சருகை விலக்கினாலும் விரல் இறங்குகிறது, மண்புழு எச்சமும் தெரிகிறது. காய் கூடுதலாக நின்றது இதனால்தானா என்று ஒரு பருவத்தை வைத்து முடிவு கட்ட மாட்டேன். தண்ணீர் விடும் முறை பாதியாகக் குறைந்திருக்கிறது, அது கண்ணெதிரே தெரிகிறது. பெரியப்பா வந்து சருகைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கத்துச் சருகும் கெடக்குது, வேணும்னா அள்ளிக்க" என்றார். அள்ளிவந்து அந்த வடக்கு மரத்துக்கும் போட்டாயிற்று.

இனி முந்திரிக்கொட்டை பொறுக்கும் வேலை. பழத்தில் இருந்து திருகி எடுத்து, உள்ளே பருப்பு ஆடும் சத்தம் கேட்கும்வரை வெயிலில் காய வைக்க வேண்டும். பிள்ளைகள் பச்சைக் கொட்டையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் வாய் வெந்துவிடும். கோடை மழை ஒன்று விழுந்தால் பலா வரிசையின் இடைவெளியில் பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைப்பதாக இருக்கிறேன், விதை வாங்கி வைத்தாயிற்று.