ஊருக்கு பஸ் இருக்கிறதா?

கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடபகுதியில், ஒரு பெண்கள் காப்பகத்தில் இரவுப் பணி பார்த்தேன். சேர்ந்த புதிதில் படிவத்தில் உள்ளபடியே கேட்பேன்: "உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா?" பெரும்பாலும் "இல்லை" என்றே பதில் வரும். நானும் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

பூர்வகுடிப் பெண் ஒருத்தி வந்தாள். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன்.) முதல் இரவு காலணியைக் கழற்றாமலே தூங்கினாள். என்னோடு பணிபுரிந்த மூத்தவரும் பூர்வகுடிதான். அவர் படிவத்தைத் தொடவில்லை. சூப்பை முன்னால் வைத்துவிட்டு, "உன் போன் யாரிடம் இருக்கிறது? அடையாள அட்டை?" என்று மட்டும் கேட்டார். இரண்டும் 'காதலனிடம்' இருந்தன. அவள் சம்பாதித்த பணமும் அவனிடம்தான். அதற்கு மேல், வாங்கித்தந்த உடைக்கும் அறை வாடகைக்கும் அவள்தான் கடன்காரி என்று ஒரு கணக்கு வேறு.

ஆட்கடத்தல் என்ற சொல்லை அவள் கடைசிவரை சொல்லவில்லை. கனடாவின் குற்றவியல் சட்டப்படி அதற்கு எல்லை தாண்ட வேண்டியதே இல்லை. சுரண்டும் நோக்கத்தோடு ஒருவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினாலே குற்றம். பயிற்சியில் படித்ததுதான். எனக்கு உறைத்தது அன்றைக்கு.

போலீசைக் கூப்பிடலாமா என்றேன். "என் பாட்டியை உறைவிடப் பள்ளிக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களும் சீருடையில்தான் வந்தார்கள்" என்றார் மூத்தவர். பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அரசு அடைத்துவைத்த பள்ளிகள் அவை. அவள் விரும்பினால் மட்டும் கூப்பிடுவது என்று முடிவானது. அவள் விரும்பவில்லை.

அவளுடைய ஊர் 16ஆம் எண் நெடுஞ்சாலையில். பிரின்ஸ் ஜார்ஜுக்கும் பிரின்ஸ் ரூபர்ட்டுக்கும் இடையே ஏறத்தாழ 720 கிலோமீட்டர். பல பத்தாண்டுகளாகப் பெண்கள் காணாமல்போயும் கொல்லப்பட்டும் 'கண்ணீர் நெடுஞ்சாலை' என்று பெயரெடுத்த சாலை. வழியில் வருகிற வண்டியைக் கைகாட்டி ஏறுவதைத் தவிர பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஊர்களுக்கிடையே பஸ் விடுங்கள் என்று, இந்தச் சாலையைப் பற்றி 2006இல் நடந்த மாநாட்டிலேயே கேட்டார்கள். வந்தது 2017இல். அதுவும் எல்லாத் தடத்திலும் தினமும் கிடையாது. காணாமல்போன, கொலையுண்ட பூர்வகுடிப் பெண்கள் பற்றிய தேசிய விசாரணை 2019இல் 231 'நீதிக்கான அழைப்புகளை' வெளியிட்டது. அதை முழுதும் படித்தவன் நான். பஸ் அட்டவணையை மட்டும் பார்த்து வைத்திருக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அவள் கேட்டாள்: "ஊருக்கு பஸ் இருக்கிறதா?"

தேடிப் பார்த்துவிட்டு, "நாளை மறுநாள்" என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். கால்களில் இன்னும் அதே காலணி.

பணியாளர்கள் யாரையும் சொந்தக் காரில் ஏற்றிச் செல்லக்கூடாது என்பது காப்பகத்தின் விதி. மூத்தவர் கைப்பையில் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தார்.