பழைய கம்ப்யூட்டரில் நெட் வரலையா? ஃபார்மேட் அடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்குடோன் ஆபீஸ்களிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பொள்ளாச்சி நார் மில்களிலும் பத்துப் பதினைந்து வருஷத்துக் கம்ப்யூட்டர்கள் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. நெட் நின்றதும் எல்லாரும் சொல்லும் யோசனை, விண்டோஸை அழித்து மறுக்கா போடுங்க என்பது. அதைச் செய்ய வேண்டாங்க. பழைய பில்லிங் சாஃப்ட்வேர் லைசென்ஸும் பிரிண்டர் டிரைவரும் போய்விட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். நெட் கோளாறோ பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

முதலில் ஒன்று தெரியணும். நெட் கம்ப்யூட்டருக்கே வரவில்லையா, வந்தும் பிரவுசர் திறக்க மாட்டேங்குதா? இரண்டும் வேறு வேறு கோளாறு. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, சிஎம்டி என்று அடித்தால் கறுப்புத் திரை வரும். அதில் பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு 8.8.8.8 போட்டு என்டர் தட்டுங்க. ரிப்ளை என்று நாலு வரி வந்தால் நெட் வருகிறது. அடுத்து எண்ணுக்குப் பதிலாக கூகுள் டாட் காம் போட்டுப் பாருங்க. எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு, அதாவது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாட்டில் கோளாறு. லேன் கனெக்‌ஷனின் ப்ராப்பர்ட்டீஸில் டிசிபி/ஐபி பகுதிக்குப் போய் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

இரண்டுக்கும் பதில் வருகிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்க. வருஷம் 2002, 2009 என்று காட்டினால் கோளாறு அங்கேதான். இன்றைக்கு அநேகமாக எல்லாத் தளமும் பாதுகாப்புச் சான்றிதழோடுதான் வருகிறது. அதற்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. கம்ப்யூட்டர் 2009இல் இருந்தால், சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். தேதியைக் கையால் சரிசெய்து, நேர மண்டலம் +5:30இல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்க. நெட்டில் இருந்து தானாகவே சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் விண்டோஸ் தானாகத் திருத்தாது.

மறுநாள் தேதி மறுபடியும் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர் 2032 என்ற 3 வோல்ட் வட்டப் பேட்டரி அது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். சாயங்காலம் ஆபீஸ் பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைக்கிற இடங்களில் இது சீக்கிரம் தீரும். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை கடிகாரம் அதில் ஓடும், கரண்ட் போனால்தான் பேட்டரியைத் தின்னும். மாற்றும்போது பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, பிளஸ் குறி மேலே தெரியும்படி வையுங்க. அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் போர்டின் செட்டிங் திரை) போய் சாட்டா மோடு, அதாவது ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறை, ஐடிஇயா, ஏஹெச்சிஐயா என்று செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்க. பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் பழைய கம்பெனி செட்டிங்குக்குப் போகலாம். அந்த மோடு மாறினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும், ஹார்ட் டிஸ்க் போச்சு என்று பயந்துவிடுவீங்க. போர்டிலேயே உள்ள லேன் போர்ட் எனேபிள் ஆகியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லையென்றால் பிரவுசருக்கு வயதாகிவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோடு மல்லுக்கட்ட வேண்டாம். விண்டோஸ் 7இல் கடைசியாக ஓடும் குரோம் 109, ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்ட நாள் ஆதரவுப் பதிப்பு). எக்ஸ்பியில் குரோம் 49, ஃபயர்ஃபாக்ஸ் 52 இஎஸ்ஆர். நான் ஃபயர்ஃபாக்ஸைத்தான் சொல்வேன். அது விண்டோஸின் பழைய சான்றிதழ்ப் பட்டியலை நம்பாமல் தன் பட்டியலைத் தானே வைத்திருக்கிறது. 2021 செப்டம்பர் 30இல், தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது பல பழைய மெஷின்களில் ஏகப்பட்ட தளங்கள் நின்றுபோனதற்கு மெஷினில் இருந்த அந்தப் பழைய பட்டியல்தான் காரணம்.

இனி, பிங்குக்குப் பதிலே வராத கேஸ். கம்ப்யூட்டரின் பின்புறம் லேன் கேபிள் சொருகும் இடத்தில் லைட் எரிகிறதா? எரியவில்லை என்றால் கேபிள், போர்ட் இரண்டில் ஒன்று. நம் பக்கத்தில் பஞ்சுத் தூசும் நார்த் தூசும் போர்ட்டுக்குள் அப்பி, உள்ளே இருக்கும் எட்டு ஊசியில் ஒன்றிரண்டு தொடாமல் போகும். பவரை அணைத்து, உலர்ந்த சின்னப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்க, ஈரத்துணி வேண்டாம். ஓட்டு வீடாக இருந்தால் அணிலோ எலியோ கேபிளைக் கடித்திருக்கும். வீட்டில் இருந்து தோட்டத்துச் சாளைக்கு இழுத்த கேபிள் என்றால் நீளத்தையும் பாருங்க. லேன் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். அதற்கு மேல் வந்தால் வரும், வராமலும் போகும். விலை குறைவு என்று செம்பு பூசிய அலுமினியக் கேபிள் போட்டிருந்தால் அதற்கு முன்னாலேயே தகராறு செய்யும். லேன் டெஸ்டரில் 1, 2, 3, 6 நாலு லைட்டும் எரிந்தாலே பழைய 100 எம்பிபிஎஸ் கார்டுக்குப் போதும்.

சித்திரை, வைகாசி கோடை மழையில் இடி விழுந்த மறுநாள் நின்றிருந்தால் போர்ட் செத்திருக்க வாய்ப்பு அதிகம். ஃபைபர் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. ஆனால் வெளியே காற்றில் தொங்கும் லேன் கேபிளும் பவர் அடாப்டரும் கடத்தும். போர்ட் போனதற்காக மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. பிசிஐ ஸ்லாட் இருந்தால் ரியல்டெக் 8139 சிப் உள்ள பழைய லேன் கார்டு ஒன்று போதும், எக்ஸ்பி அதற்கு டிரைவர் கேட்காது. யுஎஸ்பி லேன் வாங்கினால், உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் உண்டா என்று டப்பாவில் படித்துவிட்டு வாங்குங்க.

லைட் எரிகிறது, நெட் மட்டும் இல்லை என்றால் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் அடிங்க. 169.254 என்று தொடங்கும் எண் வந்தால், ரவுட்டரிடம் கேட்டும் முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம். ரவுட்டரை ஒருக்கா அணைத்துப் போட்டு, கேபிளைக் கழற்றிச் சொருகிப் பாருங்க. வேறு எண் இருந்தால், அது ரவுட்டரின் எண்ணோடு சேர்கிறதா என்று பாருங்க. பழைய தொலைபேசி லைன் பிராட்பேண்டை விட்டு ஃபைபருக்கு மாறிய ஆபீஸ்களில் நான் அதிகம் பார்ப்பது இந்தக் கோளாறைத்தான். கம்ப்யூட்டரில் யாரோ முன்பு கையால் 192.168.1 வரிசையில் ஐபி (கம்ப்யூட்டரின் முகவரி எண்) எழுதி வைத்திருப்பார்கள். புதிதாக வந்த ஜியோ ஃபைபர் பெட்டியோ 192.168.29 வரிசையில் இருக்கும். இரண்டும் ஒரே ஊரில் வேறு வேறு தெரு மாதிரி, சந்திக்கவே சந்திக்காது. டிசிபி/ஐபி பகுதியில் ஐபியைத் தானாகப் பெறும்படி மாற்றுங்க. டேலியை லேனில் பகிர்ந்து வைத்திருந்தால் மட்டும், பிரிண்டர், சர்வர் எண்களையும் புது வரிசைக்கு மாற்றிக்கொள்ளணும்.

அதே மாற்றத்தின் மிச்சமாக டயல் செய்கிற பழைய ஐகானும் இருக்கும். பாஸ்வேர்ட் கொடுத்து இணைக்கும் வேலையை இப்போது ஃபைபர் பெட்டியே செய்துவிடுகிறது. இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் டயல் செய்ய வேண்டாம் என்பதைத் தேர்ந்து, கீழே லேன் செட்டிங்ஸில் ப்ராக்ஸி (நடுவில் நின்று நெட்டை வாங்கித் தரும் சர்வர்) டிக்கை எடுத்துவிடுங்க. அப்புறம் லேன் கார்டின் வேகம் 100 ஃபுல் என்று கையால் பூட்டப்பட்டிருந்தால் ஆட்டோவுக்கு மாற்றுங்க. ஒரு பக்கம் பூட்டினால் எதிர்ப்பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கும், நெட் நத்தை வேகத்தில் ஊரும்.

வைஃபை என்றால் சுருக்கமாக: பழைய கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், ரவுட்டரில் அதைத் திறந்து வைக்கணும். சேனல் 12, 13 சில கார்டுக்குத் தெரியாது, 1, 6, 11இல் ஒன்றை வையுங்க. ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்றிருந்தால் டபிள்யூபிஏ2 ஆக்கணும். எக்ஸ்பிக்கு அதற்கும் சர்வீஸ் பேக் 3 வேண்டும்.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8லேயே, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14லேயே பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதனால் நெட் வந்துவிட்டது என்று அதில் பேங்க் வேலையும் ஜிஎஸ்டி தாக்கலும் செய்ய வேண்டாம். கணக்கை அதிலேயே வைத்துக்கொண்டு, தாக்கல் ஃபைலை பென்டிரைவில் புது மெஷினுக்கு எடுத்துப் போய் ஏற்றுங்க. பென்டிரைவைச் சொருகியதும் அங்கேயே ஒருக்கா ஸ்கேன் போட்டுவிட்டுத் திறங்க.