தாய்க்கும் ஒரு நாற்காலி

ஜனவரி 7, 2025

இக்குறிப்புகளில் வரும் சிறுமியின் வயது, ஊர், உறவுமுறை ஆகியவற்றை மாற்றியே எழுதுகிறேன். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. அப்படியொரு பிரிவு இல்லாவிட்டாலும் அதுவே முறை.

வழக்கில் சிறுமிக்குத் துணை நிற்கக் குழந்தைகள் நலக் குழு நியமித்த ஆதரவு நபர், அந்தச் சிறுமியையும் தாயையும் இன்று எங்கள் ஆலோசனை மையத்துக்கு அழைத்து வந்தார். சிறுமி பேசவில்லை. பேச வேண்டுமென்று நானும் கேட்கவில்லை. மகளிர் காவல் நிலையத்திலும், மருத்துவரிடமும், நீதித்துறை நடுவரிடமும் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லிக் களைத்த குழந்தையிடம் நானும் ஒரு விசாரணையைத் தொடங்குவது சிகிச்சை ஆகாது. அவள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன்.

கிளம்பும்போது தாய் கேட்டார்: "எம்புள்ள இதையெல்லாம் மறந்துருவாளா மேடம்?" மறக்கவைப்பது எங்கள் வேலையல்ல, நினைவு வரும்போது அச்சம் அவளை ஆட்டிப்படைக்காமல் பார்த்துக்கொள்வதே வேலை என்று சொன்னேன். அவருக்கும் தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறேன் என்றபோது, "எனக்கு எதுக்கு மேடம்?" என்றார்.

ஜனவரி 21

"எனக்கு எதுக்கு?" என்ற தாயின் கேள்விக்கு விடை நாங்கள் பின்பற்றும் சிகிச்சை முறையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஜூடித் கோஹென், ஆந்தனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகியோர் வகுத்த இந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மனக்காயம் பட்ட குழந்தைகளுக்கென்றே உருவானது. குழந்தைக்கு நடக்கும் அமர்வுகளுக்கு இணையாக, அவளை வளர்ப்பவருக்கும் அமர்வுகள் நடக்கும். வாரத்தில் ஒரு மணி நேரம்தான் குழந்தை எங்களிடம் இருக்கிறாள். மற்ற நேரமெல்லாம் தாயின் கையில்தான்.

இன்று மூச்சுப் பயிற்சி. காகிதக் காற்றாடியை வேகமாக ஊதினால் அது படபடவென்று சுற்றி நின்றுவிடும். வயிறு நிறைய மூச்சை இழுத்து மெதுவாக விட்டால் நெடுநேரம் சுற்றும். சிறுமி இதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டு, தாயைக் கூப்பிட்டு அவருக்குக் கற்றுக்கொடுத்தாள்.

பிப்ரவரி 11

தாயுடன் நீண்ட அமர்வு. குற்றம் சாட்டப்பட்டவர் கணவரின் தம்பி. புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி மாமியார் நாள்தோறும் வற்புறுத்துகிறார். கணவர் வாய் திறப்பதில்லை. நீதிமன்றம், மருத்துவமனை என்று அலைந்ததில் தையல் நிறுவனத்தில் ஷிப்டுகளை இழந்து, சம்பளமும் குறைந்துவிட்டது. இவ்வளவுக்கும் நடுவில் அவரை அரிப்பது ஒரே எண்ணம்: "ஒரே வீட்டுல இருந்துட்டு எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

ஒன்றிய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அவரிடம் சொன்னேன். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி நடத்திய அந்த ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர்; துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது பொறுப்பான இடத்தில் இருந்தவர்கள்; பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை. அவருடைய மகள் சொல்லியிருக்கிறாள், அவரிடம் சொல்லியிருக்கிறாள், அவர் அந்த நிமிடமே நம்பியிருக்கிறார். இத்தனை ஆண்டு வேலையில் நான் கண்டவரை, குழந்தை மீள்வதற்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை.

இன்னொன்றையும் பேசினோம். பயத்தில் அவர் மகளைத் தெருவில் விளையாட விடுவதில்லை, டியூஷனையும் நிறுத்திவிட்டார். பாதுகாப்புக்காகத்தான் செய்கிறார், ஆனால் குழந்தைக்கு அது தண்டனையாகத் தோன்றுகிறது, தப்பு தன்னுடையதுதான் என்ற எண்ணத்தை அது உறுதிப்படுத்துகிறது. பரிதாபப்பட்டு எதற்குமே கண்டிக்காமல் விடுவதும் நல்லதல்ல. வீட்டுப்பாடம், தூங்கும் நேரம், தோழிகளோடு விளையாட்டு என்று பழைய ஒழுங்கு திரும்பத் திரும்பத்தான், உலகம் இடிந்துவிடவில்லை என்று குழந்தை நம்பும்.

மார்ச் 4

இடைக்கால இழப்பீட்டுக்கான மனுவைச் சிறப்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாயிற்று. சிறுமி மீண்டும் டியூஷனுக்குப் போகிறாள்.

மார்ச் 18

சாட்சியம் அளிக்கும் நாளுக்கு முன்பாக, ஆதரவு நபரும் நானும் அவளை அழைத்துச் சென்று ஆளில்லாத நீதிமன்ற அறையைக் காட்டினோம். நீதிபதி எங்கே அமர்வார், அவள் எங்கே அமர்வாள், அந்த ஆள் அவள் கண்ணில் படாதபடி திரை எங்கே வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வழக்கறிஞர்கள் நேராக அவளைக் கேள்வி கேட்கக் கூடாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 33ஆம் பிரிவு சொல்வதையும், களைப்பாக இருந்தால் இடைவேளை கேட்கலாம் என்பதையும் விளக்கினோம். "அம்மா கூட இருக்கலாமா?" என்றாள். இருக்கலாம், சட்டமே அதற்கு இடம் தருகிறது.

ஏப்ரல் 8

நடந்ததைத் தன் சொற்களிலேயே ஒரு சிறு நோட்டில் எழுதி முடித்துவிட்டாள். அதை அவளே தாயிடம் வாசித்துக் காட்டுவதுதான் அடுத்த கட்டம். அதற்குத் தாயைத் தயார்படுத்த, மகளின் சம்மதத்துடன் நான் இன்று அவருக்குத் தனியே வாசித்தேன். முடித்ததும் வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "இன்னொரு தடவ வாசிங்க மேடம், அவ வாசிக்கும்போது நான் உடைஞ்சிறக் கூடாது" என்றார். அழுவதில் தவறில்லை, மகள் தாயைத் தேற்ற வேண்டிய நிலை மட்டும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, மறுபடி வாசித்தேன். வாசித்து முடித்த பிள்ளையிடம் முதலில் என்ன சொல்வது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். ஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் தாயும் மகளும் சேர்ந்து அமர்கிறார்கள்.