துணியில் தைத்த பதினொரு பேர்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் கோச்சியை (ரயிலை) விட்டு இறங்கி டிக்கோயா பஸ்ஸில் ஏறினேன். காசல்ரீ நீர்த்தேக்கம் மழை மூட்டத்தில் பாதிதான் தெரிந்தது. நண்பரின் தேயிலைத் தோட்டத்தில், உதைபந்தாட்டக் கழகத்தின் பழைய ஜேர்சிகளைச் சேர்த்துப் பெண்கள் ஒரு பெரிய துணி தைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் போனேன்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கீழே மலையை வெட்டிச் சமப்படுத்திய சின்ன மைதானம். பந்தை ஓங்கி உதைத்தால் தேயிலைக்குள் விழும், இல்லாவிட்டால் ஓடையில். கழக அறையின் ஒரு சுவர் முழுக்க அந்தத் துணி. வெளுத்த சிவப்பு, பச்சை, கிழிந்த காலர், பாதி உரிந்த 9. தையல் அவ்வளவு நெருக்கம். கொழுந்து கிள்ளிக் காய்த்த விரல்கள் இப்படியும் ஊசி பிடிக்குமா என்று நின்றுவிட்டேன்.

பக்கத்தில் பூஞ்சணம் பிடித்த ஒரு குழுப் படம். முன்வரிசைக்காரர் மடியில் பந்து, அதில் சுண்ணாம்பால் 1972. அந்தப் பதினொரு பேரில் ஆறு பேர் பின்னர் இந்தியா போய்விட்டார்கள். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளி மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. ஒரே வீட்டிலேயே அண்ணனுக்கு அந்தப் பக்கம், தங்கைக்கு இந்தப் பக்கம். தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். இதை எத்தனை முறை படித்திருந்தாலும், ஒரு டீம் பாதியாகிப் போனதை நேரில் பார்ப்பது வேறு.

போனவர்களின் சட்டைகளும் அவர்களோடே போய்விட்டன. அப்புறம் துணியில் அந்த ஆறு இடம்?

"எங்க சீலையில வெட்டி வச்சோம் தம்பி," என்றார் தைத்தவர்களில் மூத்த அம்மா. ஒரு கட்டம் மட்டும் முரட்டுத் துணி. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கில் வெட்டியது. "அது எங்க அண்ணன். கோல் காப்பாரு. விழுந்து விழுந்து பிடிப்பாரு, மெல்லிசு துணி தாங்காது."

அண்ணன் இப்போது கோத்தகிரிப் பக்கம் இருக்கிறாராம். பேரன் போனில் வாட்ஸ்அப் உண்டு. அந்தக் கட்டத்தை மட்டும் கிட்டப் போய்ப் படமெடுத்து அவருக்கு அனுப்பச் சொன்னார் அம்மா. நாலைந்து முறை எடுத்து, நூல் தெளிவாகத் தெரிந்ததை அனுப்பினேன்.

ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸில் பதில் வந்தது, நடுங்கும் குரலில்: "நம்ம கிரவுண்டு இருக்கா இன்னும்?"