விலை சொல்லக் கூடாத சங்கத் தலைவர்

நம்மூர் சலூன்களில் கண்ணாடிக்கு மேலே ஒரு பலகை தொங்கும்: "சங்கம் நிர்ணயித்த கட்டணம்." கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு. இங்கிலாந்தில் முதியோர் இல்லங்களும், வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஹோம்கேர் நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் தலைவர் அப்படி ஒரு பலகை மாட்டினால் மாட்டிக்கொண்டார். 1998-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி, போட்டியாளர்கள் கூடி விலை பேசுவது விதிமீறல். அபராதம் விற்றுமுதலில் 10 சதவீதம் வரை போகலாம். "மணிக்கு இத்தனை பவுண்டுக்குக் கீழே யாரும் கவுன்சில் வேலையை எடுக்காதீங்க" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். கவுன்சில் என்பது, செலவைத் தாங்க முடியாத முதியவர்களுக்காக இந்தப் பராமரிப்பை வாங்கும் உள்ளாட்சி மன்றம்.

ஆனால் உறுப்பினர்கள் சந்தா கட்டுவதே பெரும்பாலும் விலைக்காகத்தான். கவுன்சில் தரும் கட்டணம் கட்டுப்படியாகவில்லை, யாராவது நமக்காகப் பேசட்டும் என்றுதான் வருகிறார்கள். விலையைப் பற்றியே பேச வேண்டும், விலையைச் சொல்லக் கூடாது. இந்த வேலையின் முடிச்சு இதுதான்.

அவிழ்க்கும் வழி: விலையை விட்டுவிட்டுச் செலவைப் பேசுவது. ஹோம்கேர் அசோசியேஷன் ஆண்டுதோறும் ஒரு மணி நேர வேலைக்கான "குறைந்தபட்ச விலை" என்று ஒரு கணக்கை வெளியிடுகிறது. இங்கிலாந்துக்கு 2025-26-இல் அது 32.14 பவுண்டு. சட்டப்படியான கூலியைக் கொடுத்து, விதிகளை மீறாமல் நிறுவனத்தை நடத்த என்ன செலவாகும் என்ற கணக்கு அது. என்ன கேட்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தனியாக முடிவு செய்ய வேண்டும். மாவட்ட அளவில் இயங்கும் சிறு சங்கங்களும் இதே கோட்டுக்குள்தான் நிற்க வேண்டும். உறுப்பினர்களிடம் விவரம் திரட்டினால் பழைய ஆண்டின் எண்களாக, தொகுத்ததாக, யாருடையது என்று அடையாளம் தெரியாததாக இருக்க வேண்டும். மூன்றே பேர் பதில் அனுப்பிய அட்டவணையை வெளியிடக் கூடாது. தன் எண்ணைக் கழித்துப் பார்த்தால் மற்ற இருவரைப் பற்றி ஊகித்துவிடலாம். கூட்டத்தில் ஒருவர் "வர்ற ஏப்ரல்ல நான் இதுக்குக் கீழ எடுக்க மாட்டேன்" என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தி, நிறுத்தியதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவரும் சட்டத்தின் கண்ணில் பங்காளிதான்.

சரி, செலவுக் கணக்கு எப்படிப் போடுவது? கேரர் (பராமரிப்பு ஊழியர்) வீட்டுக்கு வந்துபோவதைப் பார்வை என்போம். அரை மணி நேரப் பார்வை இரண்டு, அதாவது முதியவரின் வீட்டுக்குள் செலவாகும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 2025-26-இல் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்கும் கூலி உண்டு. பார்வைக்கு 6 நிமிடம் என்றால் மொத்தம் 12 நிமிடம் கூடி 14.65 ஆகிறது. ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பள விடுப்பு என்பது 12.07 சதவீதம், அது 1.77. நோய் விடுப்புக்கும் பயிற்சிக்கும் 5 சதவீதம் என்று எடுத்தால் 0.73. இதுவரை 17.15. முழுநேர ஊழியர் என்று கொண்டால் கூலியின் மேல் முதலாளி அரசுக்குக் கட்டும் தேசியக் காப்பீடு ஏறக்குறைய 2.03, ஓய்வூதியப் பங்கு 0.38. காருக்கு மைலுக்கு 45 பென்ஸ் வீதம் 4 மைலுக்கு 1.80. கூட்டினால் 21.36.

கேரரின் கைக்கும் காருக்கும் போவதே இவ்வளவு. 32.14-க்கும் இதற்கும் இடையே உள்ள 10.78-இல்தான் மேலாளர், ரோட்டா (பணி அட்டவணை) போடுபவர், காப்பீடு, கையுறை, மென்பொருள், அலுவலக வாடகை, சி.க்யூ.சி. எனப்படும் பராமரிப்புத் தர ஆணையத்துக்கான ஆண்டுக் கட்டணம், லாபம் எல்லாம் அடங்க வேண்டும். பல கவுன்சில்கள் 32.14 தருவதில்லை. தராதபோது முதலில் வெட்டுப்படுவது பயண நேரம். சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனாலும் ரோட்டாவில் இரண்டு பார்வைகளுக்கு நடுவே இடைவெளியே விடாமல் அடுக்கிவிட்டால் கேரர் தன் நேரத்தில்தான் ஓட வேண்டும். முதியவரின் வீட்டில் 30 நிமிடம் 22 ஆவது இப்படித்தான். கவுன்சில் மின்னணு வருகைப் பதிவை வைத்து நிமிடத்துக்கு நிமிடம் பணம் தருவதாக இருந்தால் அந்த 8 நிமிடத்துக்கான பணமும் போய்விடும்.

கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. பல கவுன்சில்கள் ஆண்டு உயர்வை ஒரு சூத்திரத்தில் போடும்: செலவில் 70 சதவீதம் கூலி, 30 சதவீதம் மற்றவை. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி 11.44-இலிருந்து 12.21 ஆனது, 6.7 சதவீதம். 2024 செப்டம்பர் பணவீக்கம் 1.7 சதவீதம். இரண்டையும் அந்த விகிதத்தில் கலந்தால் 5.2 சதவீத உயர்வு வரும். தாளில் பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஏப்ரலில் முதலாளியின் தேசியக் காப்பீடு 13.8-இலிருந்து 15 சதவீதமாக ஏறியது. அது தொடங்கும் வரம்பு 9,100 பவுண்டிலிருந்து 5,000-க்கு இறங்கியது. வாரம் 37.5 மணி வேலை செய்பவருக்கு முதலாளி கட்டுவது ஆண்டுக்கு 1,823-இலிருந்து 2,821 பவுண்டாகிறது. வாரம் 16 மணி நேரம் மட்டும் வருபவருக்கு 58 பவுண்டாக இருந்தது 774. கூலியும் காப்பீடும் சேர்த்து முழுநேரத்தவரின் செலவு 10.4 சதவீதம், பகுதிநேரத்தவரின் செலவு 14.2 சதவீதம் ஏறுகிறது. இந்தத் தொழிலில் பகுதிநேரத்தவர்தான் ஏராளம்: பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருபவர்கள், படிப்பவர்கள். அந்தச் சூத்திரத்தில் 6.7-ஐ எடுத்துவிட்டு 10.4-ஐப் போட்டால் 7.8 வரும், 14.2-ஐப் போட்டால் 10.4. வாக்குவாதம் முழுவதும் இந்த ஒரு எண்ணை மாற்றுவதில் இருக்கிறது. "எங்கள் துறை நெருக்கடியில் இருக்கிறது" என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட இந்த நான்கு வரி கவுன்சிலின் நிதி அதிகாரியை அதிகம் அசைக்கும்.

எதிர்த்தரப்பு "தேசியக் காப்பீட்டில் கழித்துக்கொள்ளும் வேலைவாய்ப்புச் சலுகை 10,500 பவுண்டாக உயர்ந்துவிட்டதே" என்று கேட்கும். பதில் கையில் இருக்க வேண்டும். அது ஆளுக்கு அல்ல, நிறுவனத்துக்கு ஒன்று. தவிர, பாதிக்கு மேல் பொதுத்துறை வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, அறக்கட்டளையாக இல்லாவிட்டால், அது கிடையாது. கவுன்சில் வேலையையே நம்பியிருக்கும் ஹோம்கேர் நிறுவனம் இதைத் தன் கணக்காளரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எண்கள் சரியாக இருந்தும் தோற்பது பெரும்பாலும் தேதியில்தான். அடுத்த ஏப்ரலின் கூலி இலையுதிர் கால பட்ஜெட்டையொட்டி வெளியாகும். கவுன்சில்களுக்கு அரசு தரும் ஒதுக்கீட்டின் முதல் வடிவம் டிசம்பரில் வரும். பட்ஜெட்டை மார்ச் 11-க்குள் கவுன்சில் நிறைவேற்றியாக வேண்டும். பெரும்பாலும் பிப்ரவரியிலேயே முடித்துவிடுவார்கள். ஆக, சங்கத்தின் கணக்கு செப்டம்பர், அக்டோபரில் போய்ச் சேர வேண்டும். ஏப்ரலில் எழுதும் கண்டனக் கடிதம் வெறும் ஆறுதலுக்குத்தான். யாரைப் பார்ப்பது என்பதும் முக்கியம். பராமரிப்பை வாங்கும் அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். நல்ல மனிதராகவும் இருப்பார். பணம் அவரிடம் இல்லை. நிதி இயக்குநருடன் அரை மணி நேரம் கிடைத்தால் அது மற்ற ஆறு கூட்டங்களுக்குச் சமம்.

கட்டணத்தை முடிவு செய்யும் முன் கவுன்சில் கருத்துக் கேட்கும். இரண்டு வார அவகாசம், ஒரே ஒரு எண், அது எப்படி வந்தது என்ற விளக்கம் இல்லை: இப்படி ஒரு கடிதம் வந்தால் கோபத்தில் பதில் எழுதக் கூடாது, கேள்விகளை எழுத வேண்டும். கூலியின் பங்கு எத்தனை சதவீதம் என்று கொண்டீர்கள்? எந்த மாதப் பணவீக்கம்? பயண நேரம் எத்தனை நிமிடம்? 1985-இல் கன்னிங் வழக்கில் ஏற்கப்பட்ட நான்கு நெறிகள் இன்றும் செல்லும்: முடிவு இறுகும் முன் கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், போதிய நேரம் தர வேண்டும், வந்த பதிலை உண்மையாகவே எண்ணிப் பார்க்க வேண்டும். 2011-இல் செஃப்டன் கேர் அசோசியேஷன், செஃப்டன் கவுன்சிலின் கட்டண முடக்கத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது. முறையாகக் கருத்துக் கேட்கவில்லை என்பது உட்பட்ட காரணங்களால் அந்த முடிவு சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் நீதிமன்றம் கட்டணத்தை நிர்ணயிக்காது, திரும்ப யோசி என்றுதான் சொல்லும். மனுவும் தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். கேட்ட கேள்விகளும் வராத பதில்களும் தேதி வாரியாகக் கோப்பில் இருந்தால்தான் வழக்கறிஞரின் முதல் கடிதத்துக்கே பலம்.

கவுன்சில் குறைத்துத் தந்தால் அந்தப் பள்ளத்தை யார் நிரப்புகிறார்கள்? சொந்தப் பணம் கட்டுபவர்கள். 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் இங்கிலாந்தில் முழுச் செலவும் அவரவருடையது. போட்டி, சந்தை ஆணையம் 2017-இல் ஆராய்ந்தபோது, முதியோர் இல்லங்களில் இவர்கள் கவுன்சிலைவிடச் சராசரியாக 41 சதவீதம் கூடுதலாகக் கட்டுவது தெரிந்தது. சங்கத்துக்குள்ளேயே இதனால் பிளவு உண்டு. பணக்காரப் பகுதியில் இருக்கும் இல்லத்துக்குக் கவுன்சில் கட்டணம் ஒரு தொந்தரவு மட்டுமே. மூடிய சுரங்க ஊரில் இருக்கும் இல்லத்துக்கு அதுவே மூச்சு. இருவருமே படுக்கைக் கணக்கில்தான் சந்தா கட்டுகிறார்கள். தலைவர் யாருக்காகப் பேசுகிறார் என்ற சந்தேகம் ஒவ்வொரு பொதுக்குழுவிலும் எழும், எழத்தான் வேண்டும்.

காலையில் வரும் தொலைபேசி அழைப்புகள் வேறு ரகம். சி.க்யூ.சி. ஆய்வறிக்கையின் வரைவு வந்துவிட்டது, "மேம்பாடு தேவை" என்று மதிப்பீடு, என்ன செய்வது? உண்மைப் பிழைகளைச் சுட்ட 10 வேலை நாள். உரிமையாளர்கள் அதில் ஏழு நாளை ஆத்திரத்தில் கழித்து, எட்டாம் நாள் "எங்கள் ஊழியர்கள் அன்பானவர்கள்" என்று எட்டுப் பக்கம் எழுதுவார்கள். பயனில்லை. பத்தி எண், அதில் உள்ள வாக்கியம், அதை மறுக்கும் ஆவணம், அந்த ஆவணத்தின் தேதி: இவ்வளவுதான் வேண்டும். ஆய்வுக்குப் பிறகு திருத்திய மருந்துப் பதிவேட்டை இணைத்தால், முன்பு அது சரியாக இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். பதிவையே ரத்து செய்யப்போவதாக முன்னறிவிப்பு வந்தால் கதை வேறு. மறுப்பு எழுத 28 நாள். இறுதி முடிவு வந்தபின் தீர்ப்பாயத்துக்குப் போக இன்னொரு 28 நாள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, மறுப்பு எழுதியதையே மேல்முறையீடு என்று நினைத்து உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

எல்லா உறுப்பினருக்கும் தலைவர் வக்காலத்து வாங்கக் கூடாது என்பது என் கருத்து. உண்மையிலேயே மோசமான ஓர் இல்லத்துக்காகக் கவுன்சிலிடம் வாதாடினால், அக்டோபரில் கொண்டுபோகும் கணக்கையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். அதற்காகக் கைகழுவவும் முடியாது. அந்த இல்லத்துக்குக் கவுன்சில் புதிதாக முதியவர்களை அனுப்புவதை நிறுத்தியதும் பணம் வேகமாக வற்றும். 40 படுக்கையில் 6 காலியானால் வருமானத்தில் 15 சதவீதம் போகும். இரவுப் பணிக்கு வேண்டிய ஆள் ஒன்றுகூடக் குறையாது. நிறுவனம் நொடித்து இல்லம் மூடினால் அங்கிருப்பவர்களின் தேவையை, சொந்தப் பணம் கட்டுபவர்கள் உட்பட, தற்காலிகமாகவாவது கவுன்சில் பார்த்தாக வேண்டும் என்கிறது 2014 பராமரிப்புச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு. 2011-இல் சதர்ன் கிராஸ் நிறுவனம் சரிந்தபோது சுமார் 750 இல்லங்களும் 31,000 முதியவர்களும் நடுவில் நின்றதன் பிறகு வந்த ஏற்பாடு இது. அந்த நேரத்தில் எந்த இல்லத்தில் எந்த வகைப் படுக்கை காலி, மறதி நோய் உள்ளவரை யார் ஏற்பார்கள் என்று சங்கத்திடம் நடப்புப் பட்டியல் இருந்தால் கவுன்சிலே தேடி வரும்.

கேர் விசா பற்றித் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லி ஆக வேண்டியது குறைவு. 2022 பிப்ரவரியில் திறந்தது, 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துவர முடியாமல் போனது, 2025 ஜூலை 22-இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதே நின்றது. சங்கத் தலைவரின் மேசைக்கு வருவது இதன் மிச்சம். வெளிநாட்டவரை விசாவில் வேலைக்கு வைக்க ஒரு நிறுவனத்துக்கு வேண்டிய ஸ்பான்சர் உரிமத்தை இடைநிறுத்தினால் பதில் சொல்ல 20 வேலை நாள். உரிமம் போய்விட்டால், வேலை செய்தவர்களுக்கு வேறு ஸ்பான்சர் தேடப் பொதுவாக 60 நாள். அதுவும் உள்துறையின் கடிதம் வந்த பிறகு. உரிமம் போவதற்கு வழக்கமான காரணங்கள்: ஊழியருக்குத் தரும் ஸ்பான்சர் சான்றிதழில் எழுதிய மணிநேரத்தைக் கொடுக்காதது, சம்பளத்தில் பிடித்தம், முகவரி மாறியதைத் தெரிவிக்காதது. உரிமச் செலவையும் சான்றிதழ்க் கட்டணத்தையும் ஊழியரிடம் வசூலிப்பது 2024 டிசம்பர் 31 முதல் தடை.

இங்கும் பழைய கணக்கே திரும்பி வருகிறது. 2025 ஏப்ரல் 9 முதல் புதிய ஸ்பான்சர் சான்றிதழ் பெறும் கேரருக்கு மணிக்கு 12.82 பவுண்டுக்குக் குறையாமல் தர வேண்டும் என்றது உள்துறை. 2025-26-இல் கவுன்சிலின் சூத்திரம் 12.21-இல் நின்றது. இடையில் 61 பென்ஸ். ஒரே ரோட்டாவில் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்யும் இருவருக்கு வேறு வேறு கூலி தர முடியாது என்பதால், அந்த 61 பென்ஸ் எல்லாருக்கும் பரவும். அவர்களுக்கு மேலே இருக்கும் மூத்த கேரருக்கும் அதே அளவு ஏற்ற வேண்டிவரும். கருத்துக் கேட்புக் கடிதத்துக்கு எழுதும் பதிலில் இதைத் தனி வரியாக, வாராந்திர மணிநேரத்தால் பெருக்கிக் காட்டுங்கள்.