நோட்டாவுக்கு ஏஜெண்ட் இல்லை

2014 ஏப்ரல் 24, சரியாக விடியாத நேரம். ஒரு தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு அறை. சுவரிலிருந்த தலைவர் படங்களை முந்தின நாளே பழைய செய்தித்தாள் ஒட்டி மறைத்துவிட்டோம். குட்டி மேசைகளின் மேல் இயந்திரம். ஏஜெண்டுகள் மூன்று பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். மாதிரி வாக்குப்பதிவு ஆரம்பம்.

தேர்தல் டூட்டி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நிஜ ஓட்டுக்கு முன்னால் குறைந்தது ஐம்பது ஓட்டாவது போட்டு, எல்லாச் சின்னத்துக்கும் ஒழுங்காக விழுகிறதா என்று ஏஜெண்டுகள் கண்முன் எண்ணிக் காட்ட வேண்டும். பிறகு அழித்துவிட்டு சீல் வைக்க வேண்டும். கட்சிக்காரர்கள் அவரவர் சின்னத்தை அழுத்திவிடுவார்கள். சுயேச்சைகளுக்கு ஏஜெண்ட் ஏது? அந்தப் பட்டன்களை நாங்கள்தான் அழுத்தினோம். கடைசியில் நோட்டா மிஞ்சியது.

"நோட்டாவுக்கு ஏஜெண்ட் வரலீங்களா டீச்சர்?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் போய் அழுத்தினேன், கொஞ்சம் சந்தோஷமாகவே. ஏனென்றால் தபால் ஓட்டிலும் நான் அதற்குத்தான் டிக் அடித்திருந்தேன்.

எங்கள் வீடு கட்சி வீடு. அப்பா கிளைச் செயலாளராக இருந்தவர். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை; டூட்டி பார்த்துப் பழகிய வாய். அவர் கை காட்டிய சின்னத்துக்குத்தான் என் முதல் ஓட்டு. வேலைக்கு வந்த பிறகு அது கசந்துபோனது. 2009இல் முதல் தேர்தல் டூட்டி. டூட்டிக்காரர்கள் தபால் ஓட்டுக் கேட்கும் படிவம் 12ஐ நேரத்துக்குக் கொடுக்காமல் என் ஓட்டே போய்விட்டது. ஆனால் அன்று பூத்துக்கு வந்த ஓர் இளைஞன் மனதில் நின்றுவிட்டான். "49-ஓ போடணும்" என்றான். யாருக்கும் ஓட்டில்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடும் விதி அது. ரகசியம் என்பதே கிடையாது. ஏஜெண்டுகள் முறைத்துப் பார்க்க, நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். எனக்கு அவன் ஹீரோ. 2013இல் உச்ச நீதிமன்றம் அதையே ரகசியமாகச் செய்ய வழி விட்டதும், நோட்டா பட்டன் எனக்காகவே வந்தது போலிருந்தது. 2014இல் நாடு முழுக்க ஏறத்தாழ 60 லட்சம் பேர் அதை அழுத்தினார்கள். நோட்டாவே அதிக ஓட்டு வாங்கினாலும் அடுத்து நிற்கிற வேட்பாளர்தான் ஜெயித்தவர் என்பது தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

2019இல் என்னை வாக்குச்சாவடி தலைமை அலுவலராகப் போட்டார்கள். ஏப்ரல் 18. மதுரையில் சித்திரைத் தேரோட்டம் என்று அங்கே மட்டும் இரவு எட்டு மணி வரை நீட்டித்திருந்தார்கள்; என் பூத்தில் ஆறு மணியோடு முடிந்ததே பெரிய விஷயம் என்றிருந்தது.

அன்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஏஜெண்ட் ஒருவரை எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. அவர் கட்சியைப் பிடிக்காது, அவ்வளவுதான் காரணம். மடியில் வாக்காளர் பட்டியல், காதில் பேனா, ஒவ்வொரு பேர் வாசிக்கும்போதும் ஒரு கோடு.

பதினொரு மணி இருக்கும், ஒரு பெரியவர் வந்தார். வரிசை எண்ணைப் பார்த்த முதல் அலுவலர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏஎஸ்டி பட்டியலில், அதாவது இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் பட்டியலில், அந்த எண்ணுக்கு நேரே 'இறந்தவர்' என்றிருந்தது. அட்டை கையில் இருக்கிறது, படம் பழையது. பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரும்மா சொன்னது நான் செத்துட்டேன்னு?"

ஏஜெண்டுகளைக் கேட்டேன். பெரியவரின் கட்சிக்கு உட்கார்ந்திருந்த பையன் வெளியூரில் படிக்கிறவன், விழித்தான். ஜன்னலோரத்து ஆள்தான் எழுந்தார்.

"டீச்சர், செத்தது மேலத்தெரு ஆளு. இதே பேரு, அப்பா பேரும் ஒண்ணு. நம்பரை மாத்திக் குறிச்சுட்டாங்க." அப்புறம் சிரித்துக்கொண்டே, "இவரு ஓட்டு நமக்கு வராது, ஊருக்கே தெரியும். அதுக்காக ஆளு இல்லன்னு சொல்ல முடியுமா?"

உறுதிமொழி வாங்கி, கையெழுத்தோடு கைரேகையும் வைத்து, பெரியவரின் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து உள்ளே அனுப்பினோம். பீப் சத்தம் வந்தது. ஜன்னலோரத்து ஆள் பட்டியலில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

முந்தின நாள் இரவு அவர் எந்தத் தெருவில் என்ன கொடுத்தாரோ எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ. அவர் கட்சியை இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அதுவரை கட்சி என்றால் எனக்கு டிவி விவாதத்தில் கத்துகிற முகங்கள்தான். யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று தெரு தெருவாகத் தெரிந்து வைத்திருக்கும் ஆளும் அதற்குள் இருக்கிறார் என்று தோன்றவேயில்லை. என் அப்பாவும் அப்படி ஓர் ஆள்தான் என்பது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது.

தமிழ்நாட்டில் 2014இல் 39 இடங்களில் 37ஐ அ.தி.மு.க. வென்றது, 2019இல் 38 இடம் தி.மு.க. கூட்டணிக்கு. ஊரே இப்படிப் புரண்டு படுக்கிறது. நான் மட்டும் பட்டியலின் கடைசிப் பட்டனிலேயே உட்கார்ந்திருந்தேன்.

2024இல் பயிற்சி மையத்திலேயே தபால் ஓட்டுப் போட ஏற்பாடு. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பேனாவோடு ரொம்ப நேரம் நின்றேன். பின்னால் யாரோ இருமினார்கள். டிக் அடித்தேன். நோட்டாவுக்கு இல்லை. அப்பாவின் சின்னத்துக்குமில்லை.

ஏப்ரல் 19 காலை ஐந்தரை மணிக்கு மறுபடி மாதிரி ஓட்டு. வழக்கம்போல நோட்டா என் பங்குக்கு வந்தது. அழுத்தினேன். போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் இயந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி நின்றுவிட்டுச் சீட்டு விழுந்தது. அதையும் மற்றச் சீட்டுகளையும் எண்ணிப் பார்த்து, பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்டினோம். ஏஜெண்டுகள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.